எல்லாக் களைப்புக்கும் சர்க்கரையே காரணமன்று

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய ஊர்களிலிருந்து மருத்துவரிடம் வருவோர் அடிக்கடி சொல்லும் குறை வலியன்று, காய்ச்சலுமன்று, அசதி. ‘எழுந்திருக்கும்போதே களைப்பாக இருக்கிறது’, ‘கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் உறங்கிவிடுகிறேன்’, ‘முன்புபோல் கை ஓடவில்லை’ என்று பலவாறு சொல்வார்கள். அந்த அசதிக்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ‘ஷிஃப்ட் வேலை, அப்படித்தான் இருக்கும்’ என்பது விளக்கம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ‘சர்க்கரை ஏறியிருக்கும்’ என்பது விளக்கம். இரண்டும் பெரும்பாலும் உண்மையே. ஆனால், இவற்றில் ஒன்றைச் சொன்னதும் கேள்வி அங்கேயே முடிந்துபோவதுதான் சிக்கல். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பது நோயாளரின் நினைவுக்கும் வருவதில்லை. குடும்பத்தாரின் நினைவுக்கும் வருவதில்லை. அந்தக் காரணம், கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காமற் போவது.

இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து எளியது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பதாகப் புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அதன் பிறகு, காரணம் இருந்தால் மட்டுமே மீண்டும் செய்ய வேண்டும். இந்த இரண்டு பகுதிகளும் சம முக்கியத்துவம் உடையவை. முதற்பகுதியை விட்டால் நோய் மறைந்திருக்கும். இரண்டாம் பகுதியை விட்டால் நோயில்லாதவர் நோயாளராவார்.

எத்தனை பேருக்கு இது பொருந்தும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ‘இண்டியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளதென்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அது உள்ளதென்றும் அவ்வாய்வு கூறியது. தைராய்டைப் பொறுத்தவரை, சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடந்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. அதன்படி வயதுவந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது; ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. இவற்றையெல்லாம்விடக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு: குறைபாடு இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, அந்த ஆய்வுக்காக இரத்தம் கொடுத்த பிறகுதான் தமக்கு அந்நோய் இருப்பதே தெரிந்தது.

இரு நோய்களுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும், சர்க்கரை நோயாளர் 100 பேர் அமர்ந்திருக்கும் காத்திருப்புக் கூடத்தில் ஏறத்தாழ 10 பேருக்குத் தைராய்டு குறைவும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். அவர்களுள் சிலர் அதை அறியாமலேயே அமர்ந்திருப்பார்கள்.

சுரப்பி என்ன செய்கிறது?

நாம் உண்ணும் உணவை உடல் எவ்வளவு விரைவாக ஆற்றலாக மாற்ற வேண்டும் என்பதைத் தைராய்டு இயக்குநீர் தீர்மானிக்கிறது. இதயத் துடிப்பு, குடலின் அசைவு, உடற்சூடு, தோலின் ஈரம், மனத்தின் விழிப்பு ஆகிய அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஒரு மேற்பார்வையாளரைப் போன்றது. தைராய்டு போதிய அளவு சுரக்காதபோது, ‘இன்னும் சுரப்பாயாக’ என்று அது அனுப்பும் ஆணைதான் டி.எஸ்.எச். ஆகவே, இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு உயர்ந்திருந்தால் தைராய்டின் வேலை குறைந்திருக்கிறது என்பது பொருள். அளவு உயர்ந்திருப்பதைக் கண்டு ‘எனக்குத் தைராய்டு அதிகம்’ என்று பலர் சொல்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது.

வயதுவந்தோரிடம் இக்குறைபாட்டுக்கு முதன்மையான காரணம், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தச் சுரப்பியையே அயலென்று கருதித் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. தைராய்டு அறுவை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, இதயத் துடிப்புக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மருந்துகள், அயோடின் பற்றாக்குறை ஆகியவை பிற காரணங்கள்.

அயோடினைப் பற்றி ஒரு சொல். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு விளைவிக்கும் மாநிலம் நம்முடையது. ஆயினும், 2018–19-ஆம் ஆண்டுகளில் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விழுக்காடு தமிழ்நாட்டில்தான் மிகக் குறைவாக இருந்தது: 61.9. நாட்டின் சராசரி 76.3. அண்மைக் காலமாக ‘இயற்கையானது’ என்ற எண்ணத்தில் இந்துப்புக்கும் அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் மாறும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. உப்பின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்து உண்ணும் அந்த உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். அதே வேளையில், ஹாஷிமோட்டோ நோய் வந்துவிட்டவருக்கு அயோடினைக் கூடுதலாகக் கொடுத்தால் குணமாகும் என்பதும் தவறு. சிலருக்கு அதனால் நிலைமை மோசமாகவும் கூடும்.

சர்க்கரை நோயாளருக்கு ஏன் கூடுதல் கவனம்?

தைராய்டு குறைவு எவருக்கும் தொல்லை தரக்கூடியதே. சர்க்கரை நோயாளருக்கோ அது சிகிச்சையின் கணக்கையே மாற்றிவிடுகிறது.

முதலாவது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். உயர்கிறது. சர்க்கரை நோயாளரின் இதயத்துக்கு ஏற்கெனவே ஆபத்து மிகுதி. அதன்மேல் இது மற்றொரு சுமை. தைராய்டு குறைவைக் கவனியாமல் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், பலன் குறைவாகவும் தசைவலி அதிகமாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, தாழ்சர்க்கரை. தைராய்டு குறையும்போது உடலிலிருந்து இன்சுலின் வெளியேறுவது மெதுவாகிறது. குடல் சர்க்கரையை உறிஞ்சுவதும் தாமதமாகிறது. இன்சுலின் ஊசி அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவருக்கு, அளவு எதுவும் மாறாமலேயே திடீரென நடுக்கமும் வியர்வையும் வரத் தொடங்கினால், சாப்பாட்டை மட்டும் விசாரித்து நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாவது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு. தைராய்டு குறைவிருந்தால் இரத்தச் சிவப்பணுக்களின் உற்பத்தி மந்தமாகிப் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. அதனால் சர்க்கரை உண்மையில் இருப்பதைவிட உயர்ந்திருப்பதுபோல் இச்சோதனை காட்டலாம். இரும்புச் சத்துக் குறைவும் இதையே செய்யும். வீட்டில் குளுக்கோமீட்டர் 130, 140 என்று காட்ட, ஆய்வகச் சீட்டு மட்டும் எச்பிஏ1சி மிகுந்திருப்பதாகச் சொன்னால், நோயாளர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது நேர்மையன்று. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதே முறை.

நான்காவது, சிறுநீரகம். தைராய்டு குறைவினால் கிரியாட்டினின் சற்று உயரலாம். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுவிட்டதென அஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு, அதில் ஒரு பகுதி மாத்திரையால் மீளக்கூடியது என்பது ஆறுதலான செய்தி.

இறுதியாக ஒன்று: தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு சர்க்கரை அளவு சிறிது ஏறவும் கூடும். உடல் தன் பழைய வேகத்துக்குத் திரும்புவதன் அடையாளம் அது. அந்தச் சில வாரங்களில் வீட்டுச் சோதனையைச் சற்று அடிக்கடி செய்து, அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாகவே அதை நிறுத்திவிடலாகாது.

ஒரே முகம் காட்டும் இரு நோய்கள்

இவை மறைந்திருப்பதற்குக் காரணம், இரண்டின் அறிகுறிகளும் பின்னிக் கிடப்பதுதான். களைப்பு இரண்டிலும் உண்டு. மலச்சிக்கல் இரண்டிலும் உண்டு. தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க இயலாமை, மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போதல், மனச்சோர்வு ஆகியவையும் இரண்டிலும் காணப்படுபவை. உதிரிபாகங்களைப் பொருத்தும் வரிசையில் நாள் முழுதும் ஒரே அசைவைச் செய்யும் கைக்கு அந்த மரத்துப்போதல் வந்தால், மூன்றாவதாக ‘வேலைப்பளு’ என்னும் காரணமும் சேர்ந்துகொள்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவரிடம் வைட்டமின் பி12 குறைந்தாலும் களைப்பும் மரத்துப்போதலும் வரும். இரத்தசோகையும் அதே முகத்தோடு வரும்.

எனினும், சில அடையாளங்கள் தைராய்டின் பக்கம் விரல் நீட்டுகின்றன. எல்லோரும் வியர்க்கும் கூடத்தில் தமக்கு மட்டும் குளிர்தல், குரல் கரகரத்துத் தடித்தல், காலையில் கண்ணிமைகள் உப்பியிருத்தல், தோல் வறண்டு முடி கொட்டுதல், நாடித்துடிப்பு குறைதல், மாதவிடாய்ப் போக்கு மிகுதல், கழுத்தின் முன்புறம் புடைத்தல், உணவு மாறாமலேயே எடை சில கிலோ கூடுதல். குடும்பத்தார் இவற்றை நோயாளருக்கு முன்பே கவனிப்பார்கள். ‘அம்மாவின் குரல் மாறிவிட்டது’ என்று ஒரு மகள் சொல்வது, மருத்துவருக்குப் பத்துக் கேள்விகளை மிச்சப்படுத்தும். ஆகவே, துணைக்கு வருபவர் வாசலில் நின்றுவிடாமல் உள்ளே வந்து, தாம் கண்டதைச் சொல்ல வேண்டும்.

மாற்றுக் கருத்தும் அதற்கு விடையும்

‘சர்க்கரை நோயாளர் எல்லோருக்கும் தைராய்டு பரிசோதனை தேவையா?’ என்று கேட்கும் மருத்துவர்களும் உள்ளனர். அவர்களின் கேள்வி நியாயமானது. சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோயில், தைராய்டு பரிசோதனை அவசியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டுமே எதிர்ப்பு ஆற்றல் பிறழ்வதால் வருபவை. இரண்டாம் வகையில் வல்லுநர் குழுக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. காரணமின்றிச் செய்யும் பரிசோதனை, காரணமில்லாத சிகிச்சைக்கு வழிவகுக்கும் என்பது அவர்களின் அச்சம்.

அந்த அச்சத்தில் உண்மையுண்டு. டி.எஸ்.எச். சிறிதளவு உயர்ந்து, தைராக்சின் அளவு இயல்பாக இருக்கும் நிலையை மறைநிலைக் குறைவு எனலாம். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தொடங்கப்படுகிறது. ஏறத்தாழ 4.5 முதல் 10 வரை இருப்பவருக்கு உடனே மாத்திரை தேவை என்பதில்லை. பலருக்குச் சில மாதங்களில் அது தானாகவே இயல்புக்குத் திரும்புகிறது. முதியோருக்கு அந்தச் சிறு உயர்வு வயதின் இயல்பாகவே இருக்கலாம். காய்ச்சலாலோ, மிகக் கட்டுக்கடங்காத சர்க்கரையாலோ மருத்துவமனையில் படுத்திருக்கும்போது எடுக்கும் சோதனை பிழையாக வழிகாட்டலாம். முடிக்காகவும் நகத்துக்காகவும் எடுக்கும் பயோட்டின் மாத்திரைகள்கூட ஆய்வக எண்ணைக் குழப்பும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும்.

தேவையின்றி மாத்திரை கொடுத்தாலோ அளவு கூடினாலோ, இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். உடல் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையைத் தாமாகவே வாங்கி உண்போர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆனாலும், இந்த அச்சத்துக்கு விடை பரிசோதனையே வேண்டாம் என்பதன்று. பரிசோதனையை முறையாகச் செய்வதே. ஒருமுறை, உடல் நிலையாக இருக்கும்போது, டி.எஸ்.எச். மட்டும். அது உயர்ந்திருந்தால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துத் தைராக்சின் அளவோடு சேர்த்து மறுமுறை. இயல்பாக இருந்தால் அத்தோடு முடிந்தது. புதிய அறிகுறி தோன்றினாலோ, கொழுப்பு காரணமின்றி ஏறினாலோ, கருத்தரிக்க எண்ணினாலோ, குடும்பத்தில் தைராய்டு நோய் இருந்தாலோ மட்டும் மீண்டும் பார்க்கலாம். ‘முழு உடல் பேக்கேஜ்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் டி-3, டி-4, எதிரணுக்கள் என்று நீளும் பட்டியலுக்கு நான் ஆதரவாளனல்லன். எதிரணுக்களின் எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்று ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதால் சிகிச்சையில் ஒன்றும் மாறுவதில்லை.

மாத்திரையும் ஷிஃப்டும்

இந்நோய்க்கு மருந்து புதிதன்று. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தி 46 வயதுப் பெண்ணொருவரைத் தேற்றினார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே வேலையை லெவோதைராக்சின் என்னும் சிறு மாத்திரை செய்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது, விலையும் குறைவு. மருந்து எளிதாகக் கிடைக்கும் இந்நோயில், அதைச் சரியாக உட்கொள்வதுதான் கடினமாக இருக்கிறது.

‘காலையில் வெறும் வயிற்றில்’ என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். காலையில் எழுபவருக்கு அது பொருந்தும். இரவு ஷிஃப்ட் முடித்து, விடிந்தபின் அறைக்குத் திரும்பி, இட்லி சாப்பிட்டுப் படுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு எழுபவருக்கு எது காலை? வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுபவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் செய்வது, குழம்பிப்போய் மாத்திரையை விட்டுவிடுவது.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உறக்கத்தைப் பாருங்கள். எந்த நேரமாயினும், உறங்கி எழுந்ததும் முதல் வேலையாக ஒரு தம்ளர் தண்ணீருடன் மாத்திரையை விழுங்குங்கள். தேநீர், காபி, உணவு ஆகிய எதையும் அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே எடுங்கள். சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போல் உணவோடு எடுத்துக்கொள்ளலாம். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான அமில முறிவு மருந்து ஆகியவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எழுந்ததும் எடுக்க இயலாதவர், கடைசி உணவுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, உறங்கச் செல்லும் முன் எடுக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, அதிலேயே நிலைத்திருப்பதே முக்கியம்.

சர்க்கரை நோயாளருக்கு இங்கு ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர், தைராய்டு மாத்திரைக்காகக் காத்திருக்கும்போது நடுக்கமோ படபடப்போ உணர்ந்தால், காத்திருக்க வேண்டா. சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை நீரோ குளுக்கோஸோ அருந்துங்கள். ஒருநாள் மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாமற் போனால் ஒன்றும் கெட்டுவிடாது, தாழ்சர்க்கரையோ காத்திருக்காது.

இம்மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். ஆகவே, ஒருவேளை மறந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதே காரணத்தால், மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே தெம்பு வரவில்லையே என்று ஏங்கவும் வேண்டியதில்லை. அளவு சரியா என்பது ஆறு முதல் எட்டு வாரங்களில் தெரியும். வெப்பமும் ஈரமும் மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். பைக் இருக்கையின் அடியிலோ சமையலறை அடுப்பின் அருகிலோ வைக்காதீர்கள். கூடுமானவரை ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே தொடருங்கள். முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆகியவற்றை வேகவைத்து அளவோடு உண்பதால் தீங்கில்லை. டி.எஸ்.எச். அளவு நாளின் நேரத்துக்கேற்ப மாறும் இயல்புடையது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் இரத்தம் கொடுங்கள். இரவு ஷிஃப்ட் வாரத்தில் எடுத்ததா, பகல் ஷிஃப்ட் வாரத்தில் எடுத்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதய நோய் உள்ளவருக்கும் முதியவருக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்னும் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுவோம். மாத்திரை தொடங்கியபின் நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டும். நெடுநாள் மாத்திரையை விட்டுவிட்ட முதியவர், காய்ச்சலோடு உடல் சில்லிட்டு, அழைத்தாலும் விழிக்காமல் மயங்கிக் கிடந்தால், அது உயிராபத்து, 108-ஐ அழையுங்கள்.

பெண்களுக்குத் தனியாக

நமது பகுதியில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கின்றனர். அவர்களுக்காக வல்லம் வடகாலில் கட்டப்பட்ட, 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவர்களுள் பலர் சில ஆண்டுகளில் மணம் முடித்துத் தாயாவார்கள். கருவின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி, தாயின் தைராய்டு இயக்குநீரையே நம்பியிருக்கிறது. சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் உள்ள பெண், கருத்தரிக்கும் முன்பே இரண்டையும் சீர்செய்துகொள்ள வேண்டும். கர்ப்பம் உறுதியானால், பத்து வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றிராமல் அந்த வாரமே வர வேண்டும். பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ‘மாசமாக இருக்கும்போது மாத்திரை கூடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தச் சொன்னாலும் இதை நிறுத்தலாகாது. மாத்திரையைவிட, மாத்திரை இல்லாமையே குழந்தைக்குத் தீங்கு.

தொழிற்சாலைகளிடம் ஒரு வேண்டுகோள்

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த திட்டம் அது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சூணாம்பேடு வட்டாரத்தில் 42 கிராமங்களில் நடந்த நீரிழிவுத் தடுப்புப் பணியும், நோயாளர் மருத்துவமனையைத் தேடி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை முன்பே காட்டியது. தொழிற்சாலையின் மருத்துவ மையம் இவற்றைவிடவும் எளிதில் அணுகக்கூடிய இடம். தொழிலாளர் நாள்தோறும் அதைக் கடந்துதான் செல்கிறார்.

ஆண்டுப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரியவந்தால், தொழிலாளர் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், அதே இரத்தத்தில் ஒரு டி.எஸ்.எச். சோதனையையும் சேர்க்கலாம். அதைவிட முக்கியமானது, அந்த முடிவு மேற்பார்வையாளரின் மேசைக்கோ ஒப்பந்தக்காரரின் கைக்கோ போகாமலிருப்பது. ‘சுகர் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும்’ என்று அஞ்சி மறைப்பவர், மாத்திரையைக் கழிப்பறையில் ஒளிந்து விழுங்குகிறார். தாழ்சர்க்கரை வந்தாலும் வாய் திறப்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் பிரஸ் இயந்திரத்தில் நிற்பவரும் அவ்வாறு மறைத்தால், ஆபத்து அவருக்கு மட்டுமன்று. சரியாகச் சிகிச்சை பெறும் தைராய்டு குறைவு எவரையும் வேலைக்குத் தகுதியற்றவராக்குவதில்லை. சிகிச்சை பெறாத நோயே கவனத்தையும் கைவேகத்தையும் குலைக்கிறது. இந்த வேறுபாட்டை நிர்வாகங்கள் உணர்ந்தால் தொழிலாளர் தாமாகவே முன்வருவார்கள்.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் ஊதியம் பெறும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அத்திட்டத்துக்கு உரியவர்களே. அவர்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கு உழைப்பவர்கள், ஊர் திரும்பும்போது மாத்திரையை விட்டுவிடாமலிருக்க, சீட்டையும் சோதனை முடிவுகளையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயரும் மைக்ரோகிராம் அளவும் அதில் தெளிவாகத் தெரிந்தால் எந்த ஊர் மருத்துவரும் சிகிச்சையைத் தொடர முடியும்.

அடுத்த முறை வரும்போது

உங்கள் கோப்பைப் புரட்டிப் பாருங்கள். சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட பிறகு ஒருமுறையாவது டி.எஸ்.எச். செய்யப்பட்டிருக்கிறதா? செய்து இயல்பாக இருந்தால், அந்தக் கேள்வியை மூடிவிட்டு, களைப்புக்கு வேறு காரணத்தைத் தேடுவோம்: உறக்கம், இரத்தசோகை, பி12, மனக்கவலை, உண்மையிலேயே கட்டுப்படாத சர்க்கரை. செய்யப்படவில்லை என்றால், அடுத்த முறை சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கும்போது, ‘எனக்கு டி.எஸ்.எச். தேவையா?’ என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டா. அதற்கு விடை சொல்வது எங்கள் கடமை. அந்த நேரத்தில், துணைக்கு வந்திருப்பவர், உங்கள் குரலிலும் முகத்திலும் நடையிலும் தாம் கண்ட மாற்றங்களை எங்களிடம் சொல்லட்டும். ஆய்வகச் சீட்டில் அவை இருக்கமாட்டா.